விதைநெல்லைக் காத்த மக்கள்

தென்கொரியாவின் பாட்டும் படமும் இன்று உலகெங்கும் உலா வருகின்றன. 2020ஆம் ஆண்டு அந்நாட்டின் ‘பரசைட்’, ஆங்கிலமல்லாத மொழிப் படங்களுள் முதலாவதாக, சிறந்த படத்துக்கான ஒஸ்கார் பரிசைப் பெற்றது. 2024இல் எழுத்தாளர் ஹான் காங் இலக்கியத்துக்கான நொபெல் பரிசைப் பெற்றார். அரசாங்கம் பணத்தை அள்ளிக் கொடுத்தது, ஆதலாற் கலை வளர்ந்தது என்று காரணங் கூறுவோர் பலர். இக்கூற்றில் உண்மை பாதியே உண்டு என்பது நமது துணிபு.

சரித்திரத்தைச் சற்றே நோக்குவோம். 1910 முதல் 1945 வரை கொரியா யப்பானியரின் ஆட்சியிற் கிடந்தது. அவ்வாட்சியின் இறுதிக் காலத்திற் பாடசாலைகளிலிருந்து கொரிய மொழி அகற்றப்பட்டது. 1940 தொடக்கம் மக்கள் தம் பெயர்களையே யப்பானிய முறைக்கு மாற்றுமாறு நெருக்கப்பட்டனர். தாய்மொழிக்கு அகராதி தொகுத்த அறிஞர்கள் 1942இற் கைதாயினர். அவருள் இருவர் சிறையிலேயே மாண்டனர். பறிக்கப்பட்ட கையெழுத்துப் பிரதி, விடுதலைக்குப் பின் 1945 செப்டெம்பரில், சியோல் புகையிரத நிலையக் களஞ்சியத்திற் கண்டெடுக்கப்பட்டது. அகராதியின் முதற்பாகம் 1947இல் வெளிவந்தது.

அந்நியன் அகன்றதும் அடக்குமுறை அகன்றதா? இல்லை. 1975இல் பார்க் சுங் ஹீயின் ஆட்சி இருநூறுக்கு மேற்பட்ட பாடல்களைத் தடைசெய்தது. கிம் மின் கி இயற்றிய ‘காலைப் பனித்துளி’யும் அவ்வாண்டே தடையுற்றது. மாணவரோ அப்பாட்டை வீதிகளிற் பாடினர். 1987இல் மக்கள் கிளர்ச்சி வென்றது; சனாதிபதியைத் தாமே தெரிவு செய்யும் உரிமை மக்களுக்கு மீண்டது; பாட்டின் மீதிருந்த தடையும் நீங்கியது. 1996இல், திரைப்படங்களை முன்கூட்டியே தணிக்கை செய்தல் அரசியலமைப்புக்கு முரணானது என அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்த்தது. பண்பாட்டுத் தொழில்களை ஊக்குவிக்கும் அடிப்படைச் சட்டம் வந்ததோ 1999இல்!

இவ்வரிசையை வாசகர்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். முதலில் மொழி காக்கப்பட்டது. பின்னர் வாய்ப்பூட்டு உடைந்தது. அதன் பின்னரே அச்சட்டம் வழங்கிய ஆதரவு பயன் தந்தது. விதைநெல்லைப் பறிகொடுத்தவனுக்கு வாய்க்கால் நீரால் ஆவதென்ன? நம் கமக்காரருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

கொடுக்கும் கையே வாயைப் பொத்தவும் முயலும் என்பதையும் மறத்தலாகாது. 2013 முதல் 2017 வரை ஆண்ட பார்க் கியூன் ஹை, முன்சொன்ன பார்க்கின் மகளாவார். அவருடைய அரசாங்கம் தனக்கு உவப்பில்லாத ஆயிரக்கணக்கான கலைஞரைக் கறுப்புப் பட்டியலில் இட்டது. அரசின் உதவி அவர்களுக்கு எட்டாதவாறு செய்தது. ‘பரசைட்’ படத்தை ஆக்கிய பொங் ஜூன் ஹோவின் பெயரும் அப்பட்டியலில் இருந்தது. 2020இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அச்செயலையும் அரசியலமைப்புக்கு முரணானதெனக் கண்டது. எந்தக் கலைஞனை அரசாங்கம் ஒதுக்கியதோ, அவனே நாட்டுக்குப் புகழ் தேடித் தந்தான்!

கலைக்கு அரசு நீர் பாய்ச்சட்டும். அது அதன் கடமை. ஆனால் எதை விளைப்பது எனக் கட்டளையிடும் உரிமை அதற்கில்லை. கொரியரிடம் உலகம் கற்க வேண்டிய பாடம் இதுவேயாகும்.