சாக்லேட் பார்க்கப் போகிறவர்கள் கோகோவையும் பார்க்க வேண்டும்

அகளியில் நண்பர்கள் பத்துப் பேர் கூடி ஒரு நாள் எங்கேனும் சென்றுவரலாம் என்று பேசத் தொடங்கினால், பேச்சு பெரும்பாலும் உதகையில்தான் போய் முடிகிறது. ஆனைகட்டி வழியாகக் கோயம்புத்தூருக்கு இறங்கி, மேட்டுப்பாளையம் கடந்து, குன்னூர் வளைவுகளில் ஏறினால் முற்பகலுக்குள் மலைமேல் இருக்கலாம். முன்பெல்லாம் தாவரவியல் பூங்காவும் படகு ஏரியும் பார்த்துவிட்டு, வர்க்கியும் தேயிலைத்தூளும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். இப்போது அந்தப் பட்டியலில் சாக்லேட் செய்யும் கூடங்களும் சேர்ந்துவிட்டன. உதகையில் சாக்லேட்டுக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. குழந்தைகளுக்கு மகிழ்ச்சி, பெரியவர்களுக்கு நிழல், எல்லோருக்கும் கையில் ஒரு பொட்டலம். குறை சொல்ல இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம்.

குறை சொல்வது எங்கள் நோக்கமன்று. ஆயினும் இத்தகைய பயணங்களில் நாம் பார்ப்பது பாதிக் காட்சியே என்பதும், பாராமல் விடுகிற மறுபாதி நம் சொந்த மாவட்டங்களுக்கு மிக நெருக்கமானது என்பதும் எங்கள் கருத்து.

அண்மையில் நாங்கள் சென்ற கூடமொன்றில் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் உருகிய சாக்லேட் வழிந்துகொண்டிருந்தது. அச்சுகளில் ஊற்றினார்கள், தட்டிக் குமிழ் நீக்கினார்கள், குளிரவைத்தார்கள், பளபளக்கும் தாளில் சுற்றினார்கள். எல்லாம் இருபது நிமிடக் காட்சி. எங்களுள் ஒருவர் இடுக்கியில் பெண் எடுத்தவர். மாமனார் வீட்டில் கோகோ மரங்கள் உண்டு. அவர் அங்கிருந்த இளைஞரிடம், “தம்பி, இதற்குக் கோகோ விதை எங்கிருந்து வருகிறது?” என்று கேட்டார். “விதையா அண்ணா? எங்களுக்குப் பெட்டியில் கட்டியாகத்தான் வரும். உருக்கி ஊற்றுவதுதான் இங்கே வேலை” என்று அந்த இளைஞர் மறைக்காமல் சொன்னார். அவர் பதிலில் நேர்மை இருந்தது. ஆனால் அந்தக் கூடத்தின் சுவர்களில் ஓரிடத்திலும் அந்தப் பதில் எழுதப்பட்டிருக்கவில்லை.

உதகை சாக்லேட்டுக்குப் பேர்போனதற்குக் காரணம் அதன் குளிர். கோகோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகை வெப்பத்தில் உருகிவிடும். வாயிலிட்டவுடன் சாக்லேட் கரைவதும் அதனால்தான். சமவெளியின் வெயிலில் வீட்டுச் சமையலறையில் சாக்லேட்டை உறையவைப்பது கடினம், மலையில் எளிது. ஆனால் அதே குளிரில் கோகோ மரம் வளராது. அது அமேசான் காடுகளிலிருந்து வந்த மரம். வெதுவெதுப்பும் ஈரமும் நிழலும் வேண்டும். ஆகவே 2,200 மீட்டருக்கு மேலிருக்கும் ஊரில் சாக்லேட் விற்கிறது. அதன் மூலப்பொருளோ பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளிலும், இடுக்கியின் அடிமாலி, கொன்னத்தடி, முரிக்காசேரிச் சரிவுகளிலும் விளைகிறது. மழைமறைவில் இருக்கும் அட்டப்பாடியின் கிழக்குப் பகுதி அதற்கு அவ்வளவாக ஏற்றதன்று. எனினும் அகளிவாசிகளுக்கு இடுக்கி உறவுக்காரர்கள் உண்டு. பொள்ளாச்சியோ உதகையைப்போல மலையேறிச் செல்ல வேண்டிய ஊரும் அன்று.

அந்தத் தோப்புகளில் நடப்பதே சாக்லேட்டின் பெரும்பகுதி. கோகோவின் பூ கிளை நுனியில் பூப்பதில்லை. அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் நேராகப் பூக்கிறது. பூ காயாகிப் பழுக்க ஐந்தாறு மாதம் ஆகும். ஒரு காய்க்குள் வெண்சதை போர்த்த 30, 40 விதைகள் இருக்கும். அவற்றைப் பெட்டியிலோ கூடையிலோ குவித்து, வாழையிலையால் மூடி, இடையிடையே கிளறி ஏறத்தாழ ஆறு நாள் புளிக்கவைக்க வேண்டும். பிறகு வெயிலில் காயவைக்க வேண்டும். சாக்லேட்டின் மணம் பிறப்பது இந்தப் புளிப்பில்தான். புளிப்புத் தவறிய விதையை உலகின் மிகச் சிறந்த இயந்திரமும் திருத்தாது. தென்மேற்குப் பருவமழையில் காயழுகல் நோய் வரும். அணிலும் குரங்கும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். மழைநாளில் காயவைக்க இடமிராது. இவ்வளவையும் கடந்து 25 முதல் 30 காய்களிலிருந்து ஒரு கிலோ உலர்விதை கிடைக்கிறது.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 70 விழுக்காடு கோகோ கொண்ட 100 கிராம் சாக்லேட் ஒன்றுக்கு, தோலும் வறுவல் இழப்பும் போக, ஏறத்தாழ 90 கிராம் உலர்விதை வேண்டும். விதை கிலோ 300 ரூபாய் என்றால் உழவருக்குச் சேர்வது 27 ரூபாய். கிலோ 1,000 ரூபாய் என்றால் 90 ரூபாய். கடைக்காரரிடம் நாம் கொடுக்கும் விலையை நினைவில் வைத்துக்கொண்டு இந்த இரண்டு எண்களையும் பார்த்தால், நம் பணம் எங்கே தங்குகிறது என்பது ஓரளவு விளங்கும். சர்க்கரையும் பாலும் மிகுந்த சாக்லேட்டில் கோகோவின் பங்கு இன்னும் குறைவு.

300 என்பதும் 1,000 என்பதும் நாம் கற்பனையில் எடுத்த எண்கள் அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டும் கானாவும் சேர்ந்து உலகக் கோகோவில் பாதிக்கு மேல் தருகின்றன. அங்கே விளைச்சல் பொய்த்ததால் 2024இல் உலக விலை வரலாறு காணாத உயரத்துக்குப் போயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் நியூயார்க் சந்தையில் ஒரு டன் 12,000 டாலரைக் கடந்தது. அந்த ஏற்றத்தில் இடுக்கியில் உலர்விதை கிலோ 1,000 ரூபாயைத் தாண்டிற்று. ஓராண்டுக்கு முன்பு வரை 200, 250 ரூபாய்க்கு விற்றவர்களுக்கு அது நம்ப முடியாத விலை. வெட்டிவிட நினைத்த மரங்களைப் பலர் காப்பாற்றினார்கள். புதிதாக நட்டவர்களும் உண்டு. ஆனால் அந்த விலை நிலைக்கவில்லை. 2025 முடிவதற்குள் உலக விலை உச்சத்தில் பாதியளவுக்கு இறங்கிவிட்டது.

மூத்தவர்களுக்கு இது புதிதன்று. 1960களில் கேட்பரி நிறுவனத்தின் முயற்சியால் வயநாட்டில் தொடங்கிய கோகோ, எழுபதுகளில் கேரளமெங்கும் பரவியது. 1980ஐ ஒட்டி உலக விலை சரிந்தபோது வாங்குவோர் இல்லாமல் உழவர்கள் மரங்களைப் பிடுங்கி எறிந்தார்கள். அந்த நெருக்கடியில் சந்தைக்குள் வந்தது காம்ப்கோ என்னும் கூட்டுறவு அமைப்பு. பாக்கு உழவர்களுக்காக 1973இல் மங்களூரில் தொடங்கப்பட்ட, கர்நாடக, கேரள உழவர்களின் அந்த அமைப்பு கோகோவையும் கொள்முதல் செய்தது. அத்தோடு நில்லாமல் 1986இல் கர்நாடகத்தின் புத்தூரில் சொந்தச் சாக்லேட் தொழிற்சாலையையும் நிறுவியது. விதை விற்பவர்களே சாக்லேட் செய்பவர்களாகவும் ஆனார்கள். இந்தியாவில் சாக்லேட் தொழிற்சாலை என்றவுடன் நம் நினைவுக்கு முதலில் வர வேண்டியது இதுவே என்று நாங்கள் கருதுகிறோம். விலை விழுந்த காலத்தில் உழவரைத் தாங்கியது அறிவுரை அன்று. வாங்குவதற்கு ஒரு கையும், அரைப்பதற்கு ஓர் ஆலையும் இருந்ததுதான்.

வெளிநாடுகளில் சாக்லேட் ஆலையைக் காட்டுவதே தனித் தொழிலாகி வெகுகாலம் ஆயிற்று. அமெரிக்காவில் ஹெர்ஷி நிறுவனம், ஆலைக்குள் வரும் கூட்டத்தைத் தாங்க முடியாமல் 1973இல் பார்வையாளர்களுக்கென்று தனி இடமே கட்டியது. இங்கிலாந்தின் போர்ன்வில்லில் கேட்பரி உலகம் 1990இல் திறக்கப்பட்டது. அந்த நாடுகளின் தட்பவெப்பத்தில் கோகோ மரம் விளைவதில்லை. எனவே தோட்டத்தைப் படமாகவும் பொம்மையாகவும் காட்டுவதைத் தவிர அவர்களுக்கு வழியில்லை. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. காலையில் மரத்திலிருந்து காய் பறித்து, அதே நாளில் வேறு விதைகள் சாக்லேட்டாவதையும் பார்க்கக்கூடிய தொலைவில் நாம் வாழ்கிறோம். அப்படியிருந்தும் கட்டியை உருக்கி அச்சில் ஊற்றுவதைப் பார்த்துவிட்டுச் சாக்லேட் செய்வதைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்கிறோம்.

இன்னொரு செய்தி நம்மவர் பலருக்குத் தெரியாது. விதையை வாங்கித் தாமே வறுத்து அரைத்துச் சாக்லேட் செய்யும் சிறு தயாரிப்பாளர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களுள் பலர் கோகோவை அரைக்கப் பயன்படுத்துவது நம் இட்லிமாவு கிரைண்டரின் மறுவடிவத்தை. கருங்கல் உருளைகள் சுழன்று மணிக்கணக்கில் அரைத்தாலும் தாங்கும் அந்த இயந்திரம் கோயம்புத்தூர்க்காரர்களின் கைவண்ணம். ஈரமாவு கிரைண்டருக்காகப் புவிசார் குறியீடு பெற்ற ஊர் அது. கோகோ இடுக்கியில், கல் கோயம்புத்தூரில், வாங்குபவர்களோ மலையேறும் நம் வேன்களில். இவை மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கும் ஏற்பாடுதான் நம்மிடம் போதுமான அளவில் இல்லை.

எனவே எங்கள் முதல் வேண்டுகோள் பயணம் போகிறவர்களுக்கு. அடுத்த முறை நண்பர்கள் சேர்ந்து வேன் அமர்த்தும்போது, ஒரு பொழுதைத் தோட்டத்துக்கு ஒதுக்குங்கள். பொள்ளாச்சிப் பக்கத்திலோ அடிமாலிப் பக்கத்திலோ உறவினர், நண்பர் வழியாகக் கேட்டால் தோட்டத்தைக் காட்ட மறுப்பவர் அரிது. காட்டுகிறவருக்கு உரிய கட்டணத்தைத் தயங்காமல் கொடுங்கள். அவர் நேரமும் உழைப்பே. சாக்லேட் வாங்கும்போது உறையைத் திருப்பிப் படியுங்கள். கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு முதலில் எழுதப்பட்டிருந்தால் அது வேறு பண்டம். உண்ணத் தகாதது என்று பொருளில்லை, ஆனால் சாக்லேட்டின் விலையை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை. உறையே இல்லாமல் எடைபோட்டுத் தரும் இடங்களில், எதனால் செய்தது என்று கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.

இரண்டாவது வேண்டுகோள் உழவர் குழுக்களுக்கும் தொழில்முனைவோருக்கும். பத்திருபது கோகோ உழவர்கள் சேர்ந்து புளிக்கவைக்கும் பெட்டிகளும், மழைக்காலத்துக்கு ஒரு சூரியஒளி உலர்த்தியும், வறுகலனும், இரண்டு கல் கிரைண்டர்களும், குளிரூட்டிய ஓர் அறையும் அமைத்தால் அது தொழிற்சாலையாகவும் காட்சிக்கூடமாகவும் ஒருசேர இருக்க முடியும். குறுந்தொழில் உணவுப் பதப்படுத்துதலுக்காக 2020இல் தொடங்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தில், தனி அலகுகளுக்கு வங்கிக் கடனோடு இணைந்து 35 விழுக்காடு வரை, 10 லட்ச ரூபாய் உச்சவரம்புக்குள் மானியம் வகுக்கப்பட்டது. குழுக்களுக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் அதில் இடமுண்டு. முத்ரா கடனும் உண்டு. நடப்பு விதிகளை அருகிலுள்ள கிளையில் கேட்டறிந்து தொடங்கலாம்.

இதில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2024இன் விலையை அடிப்படையாக வைத்துத் தோட்டக் கடனோ தொழிற்கடனோ திட்டமிடக் கூடாது. கடந்த பல ஆண்டுகளின் தாழ்ந்த விலையிலும் தவணை கட்ட முடியுமா என்று பார்த்தபின்பே கையெழுத்திட வேண்டும். தென்னைக்கும் பாக்குக்கும் ஊடுபயிராக நிற்கும் கோகோ, விலை விழுந்தாலும் வீட்டைச் சாய்க்காது. அதையே தனிப்பயிராக நம்பிய கடன் சாய்க்கக்கூடும்.

மகிழ்ந்திருக்கப் போகும் ஒரு நாளில் இவ்வளவு பாடம் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. உழைத்துக் களைத்தவர்கள் வாரத்தில் ஒரு நாள் சிரித்துப் பேசி வருவதற்குக் காரணம் எதுவும் வேண்டியதில்லை. ஆனால் காயை உடைத்து, அந்த வெண்சதையை வாயிலிட்டு, அதன் இனிப்பும் புளிப்பும் சாக்லேட்டின் சுவையைச் சிறிதும் ஒத்திராதது கண்டு வியக்கும் குழந்தைக்கு அது பாடமாகத் தோன்றாது. வாழையிலையை விலக்கியவுடன் புளித்த விதைக்குவியலிலிருந்து எழும் சூடு, எந்தக் கண்ணாடிச் சுவருக்குப் பின்னாலும் கிடைக்காத காட்சி.

அகளியில் இன்னொரு நன்மையும் தெரிகிறது. தன் அவரையும் துவரையும் புவிசார் குறியீடு பெற்றதை 2022இல் கண்ட மண் அட்டப்பாடி. ஒரு விளைபொருளுக்கு அது விளைந்த ஊரின் பெயர் கிடைப்பதன் மதிப்பை இங்குள்ளவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இடுக்கி விதையில் செய்த சாக்லேட் இடுக்கியின் பெயரிலும், ஆனைமலை விதையில் செய்தது ஆனைமலையின் பெயரிலும் நம் கைக்கு வர வேண்டும் என்று கேட்கும் தகுதி நமக்கு இருக்கிறது. வாங்குகிறவர்கள் கேட்கத் தொடங்கினால் விற்கிறவர்கள் எழுதத் தொடங்குவார்கள். அடுத்த பயணத்திற்கு நண்பர்களிடம் பங்குப் பணம் திரட்டும்போதே, எந்தத் தோட்டத்துக்குப் போவது என்பதையும் சேர்த்துப் பேசி முடித்துவிடுங்கள்.