மன்னவனூர் ஆடும் கருப்பையின் கதவுகளும்

கொடைக்கானலுக்கு டூர் போகிறவர்கள் இப்போதெல்லாம் தூண் பாறையோடும் கோக்கர்ஸ் வாக்கோடும் நிற்பதில்லை. பூம்பாறையைத் தாண்டி மன்னவனூர் வரை வண்டியை விட்டுவிடுகிறார்கள். அங்கே ஏரி, புல்வெளி, ஆட்டுப்பண்ணை. ஆட்டோடு ஒரு போட்டோ, முயலோடு ஒரு போட்டோ, திரும்பும் வழியில் சூடாக ஒரு பஜ்ஜி. முடிந்தது கதை.

அது சும்மா பண்ணை இல்லை. ராஜஸ்தான் அவிகாநகரில் இருக்கும் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் அது. 1965-ல் தொடங்கியது. பாரத் மெரினோ ஆடுகளை அங்கே வளர்க்கிறார்கள். போட்டோ எடுப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, மனிதப் பிரசவத்தைப் பற்றி மருத்துவம் கற்றுக்கொண்ட முக்கியமான பாடங்கள் சில செம்மறியாட்டிடமிருந்து வந்தவை.

ஆடு குட்டி போடும் நாளைக் குறிப்பது யார்? தாய் ஆடு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நியூசிலாந்து மருத்துவர் மான்ட் லிகின்ஸ் 1960-களில் செம்மறியாடுகளை வைத்து ஆராய்ந்தபோது வேறு விடை கிடைத்தது. வயிற்றுக்குள் இருக்கும் குட்டிதான் நாள் குறிக்கிறது! ஐந்து மாதம் நெருங்கும்போது குட்டியின் அட்ரினல் சுரப்பி கார்டிசோலை அதிகம் சுரக்கிறது. அதனால் நஞ்சுக்கொடியில் புரோஜெஸ்டிரோன் குறைந்து ஈஸ்ட்ரோஜன் கூடுகிறது. இந்த மாற்றம் கருப்பைத் தசைக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கே ஒரு கட்டுமான வேலை ஆரம்பிக்கிறது.

பழனியில் தேர் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும், ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் நகராது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் குரல் கேட்க வேண்டும். கருப்பையின் நிலைமையும் இதுதான். கர்ப்ப காலம் முழுவதும் அதன் தசை செல்கள் தனித்தனியாக இருக்கின்றன. ஒன்று சுருங்கினால் பக்கத்துச் செல்லுக்கு அது அவ்வளவாகத் தெரியாது. அப்படி இருப்பதுதான் நல்லது. இல்லையென்றால் எந்தக் குழந்தையும் ஒன்பது மாதம் உள்ளே தங்காது.

செல்லுக்குச் செல் குரல் கொடுக்கும் வழிக்குப் பெயர் கேப் ஜங்ஷன். அதைக் கட்டும் புரதம் கனெக்ஸின். ஆறு கனெக்ஸின்கள் வட்டமாகச் சேர்ந்தால் ஒரு அரைக்குழாய். பக்கத்துச் செல்லின் அரைக்குழாய் எதிரே வந்து பொருந்தினால் இரண்டு செல்லுக்கும் நடுவே ஒரு கதவு. அயனிகளும் சின்ன மூலக்கூறுகளும் அதன் வழியே நேராகப் போகும், மின் துடிப்பும் அப்படியே பரவும். மனிதர்களுக்கு இருபது வகைக்கு மேல் கனெக்ஸின்கள் உண்டு. கருப்பைத் தசையில் முக்கியமானது கனெக்ஸின் 43.

கனடாவில் ராபர்ட் கார்ஃபீல்டும் சக ஆய்வாளர்களும் எலிகளின் கருப்பையை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து 1977-ல் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையில் பெரிய திருப்பம். பிரசவத்துக்கு முன்னால் இந்தக் கதவுகள் அரிது. பிரசவ நேரத்தில் ஏராளம். குட்டி பிறந்தபின் மறுபடி மறைந்துவிடுகின்றன. 2006-ல் தசையில் கனெக்ஸின் 43 இல்லாதபடி உருவாக்கிய சுண்டெலிகளைப் பார்த்தபோது, பெரும்பாலானவை நாள் தள்ளித்தான் ஈன்றன. இன்னொரு விஷயம், இந்தப் புரதத்தின் ஆயுளே சில மணி நேரம்தான். உடம்பு இதை விடாமல் கட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

பெண்களுக்கு ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் ஆட்டைப் போலச் சட்டென்று குறைவதில்லை. அதன் பிடி மட்டும் தளர்கிறது. ஆனால் வலி எடுக்கும்போது கதவுகள் பெருகுவது அவர்களுக்கும் உண்டு.

இனி ஊசிக்கு வருவோம். சினை மாடு முக்கிக்கொண்டே நிற்கிறது, மாட்டாஸ்பத்திரி தூரம், "ஒரு ஊசியைப் போட்டு விடப்பா" என்று யாராவது சொல்வார்கள். ஆக்ஸிடோசின்தான் அந்த ஊசி. இது தேர் வடத்துக்குப் பக்கத்தில் நின்று "இழு" என்று கத்துகிற ஆள். கதவு கட்டி முடியாத கருப்பையில் அந்தக் குரல் பரவாது. கருப்பை வாய் திறக்காமலோ குட்டி குறுக்கே கிடந்தோ இருக்கும்போது கத்திக்கொண்டே இருந்தால் கருப்பை கிழியவும் கூடும். மனிதர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. அவசரம் வீட்டுக்காரர்களுக்கு இருக்கலாம், கனெக்ஸினுக்கு இல்லை.

இதற்காக மருந்தையே முடக்குவதும் சரியில்லை. பால் கறக்க இந்த ஊசியைத் தவறாகப் போடுகிறார்கள் என்று சொல்லி, தனியார் கம்பெனிகள் உள்நாட்டு உபயோகத்துக்கு ஆக்ஸிடோசின் தயாரிக்க மத்திய அரசு 2018-ல் தடை போட்டது. பெங்களூரு பொதுத்துறை நிறுவனம் ஒன்று மட்டும் தயாரிக்கும் என்றது. அந்த ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. ரத்து செய்தது நியாயம்தான். குழந்தை பிறந்தபின் வரும் ரத்தப்போக்கை நிறுத்த இதுதான் முதல் மருந்து. அப்போது கதவுகள் ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கின்றன, சொன்னால் கருப்பை கேட்கும். ஒரே மருந்து, நேரம்தான் வேறு.

லிகின்ஸின் ஆடுகள் இன்னொரு ஊசியையும் கொடுத்தன. நாள் ஆகாமல் பிறந்த அவருடைய குட்டிகளில் சில எதிர்பாராமல் மூச்சு விட்டன. கார்டிசோல் போன்ற ஸ்டீராய்டு நுரையீரலைச் சீக்கிரம் பக்குவப்படுத்தியிருந்தது. 1972-ல் அவரும் ராஸ் ஹௌவியும் பெண்களிடம் நடத்திய சோதனையை வெளியிட்டார்கள். இன்றுவரை குறைப்பிரசவக் குழந்தைகளைக் காப்பாற்றுவது இந்த வழிதான். ஆனால் ஊசியைப் போட்டு அனுப்பினால் மட்டும் போதாது. 2015-ல் இந்தியா உட்பட ஆறு நாடுகளின் கிராமப்புறங்களில் நடந்த பெரிய ஆய்வில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. 2020-ல் வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் நடந்த ஆய்வில் குழந்தை இறப்பு குறைந்தது. போய்ச் சேரும் இடத்தில் ஆளும் கருவியும் இருக்க வேண்டும் என்பதுதான் வித்தியாசம்.

மலையில் சிக்கலே போய்ச் சேருவதில்தான். மன்னவனூரிலிருந்து கொடைக்கானல் முப்பது கிலோமீட்டருக்கு மேல், அத்தனையும் வளைவு. வெள்ளகவிக்கு வாக்குப்பெட்டியே குதிரையில்தான் போனது. கர்ப்பிணியை டோலியில் தூக்க வேண்டிய ஊருக்கு, வலி வந்தபின் முடுக்கிவிடும் ஊசியால் என்ன லாபம்? வலி வருவதற்குப் பத்து நாள் முன்பே அவள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அதற்கென்று தமிழ்நாட்டில் மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவக் காத்திருப்பு அறைகள் உண்டு. நல்ல யோசனை. ஆனால் பூண்டு, கேரட் வயலில் கூலிக்குப் போகும் குடும்பத்தில் பத்து நாள் காத்திருப்பு என்றால், துணைக்கு வருபவரின் பத்து நாள் கூலியும் போச்சு. வீட்டில் மூத்த பிள்ளையைப் பார்க்க ஆள் கிடையாது. கட்டிலும் சாப்பாடும் கொடுத்துவிட்டு, 'அவர்கள் ஏன் வருவதில்லை' என்று கேட்டால் எப்படி? அந்தக் கூலியையும் திட்டச் செலவில் எழுத வேண்டும்.