திரையில் சிதையும் தமிழ் வழிப் பாடம்

பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் அமைந்த வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் முதலிய ஊர்களிலும், தெற்கே மலையேறிச் சென்றால் மறையூர், மூணாறு, வண்டிப்பெரியாறு முதலிய இடங்களிலும், கேரளத்துப் பாடத்திட்டத்தைத் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறார்கள் என்பதைத் தமிழ்நாட்டு வாசகர்களில் பலர் அறிந்திருக்கக்கூடும். ஆனால் அப்பிள்ளைகளின் கைக்கு இன்று பாடம் எந்த ரூபத்தில் வந்து சேர்கிறது என்பதைக் கவனித்தவர்கள் வெகு சிலரே.

2020ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி, கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்த சமயத்தில், கேரளக் கல்வித் துறையின் தொழில்நுட்ப அமைப்பாகிய கைட், விக்டர்ஸ் தொலைக்காட்சியில் 'ஃபர்ஸ்ட் பெல்' என்னும் வகுப்புகளைத் தொடங்கியது. தமிழ், கன்னட வழி மாணவர்களுக்கான பாடங்களும் யூடியூப் வாயிலாக வழங்கப்பட்டன. அந்த நெருக்கடி நீங்கிய பின்னரும் அக்காலத்துப் பழக்கம் நீங்கவில்லை. வகுப்பறைப் புரொஜெக்டருக்காகத் தயாரித்த ஸ்லைடுகளை அப்படியே பி.டி.எஃப். ஆக்கி வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவதும், கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பைக் கொடுப்பதும் இன்று ஆசிரியர்களின் அன்றாடக் காரியங்களாகிவிட்டன. இதை நான் குறை கூறவில்லை. ஆசிரியர்களின் சிரத்தைக்கு அது சான்று. ஆனால் ஆசிரியரின் கணிப்பொறியில் செம்மையாகத் தோன்றிய பக்கம் மாணவனின் கைபேசியில் அதே செம்மையுடன் தோன்றுகிறதா என்ற பரிசோதனை மட்டும் பெரும்பாலும் நடப்பதில்லை.

மலையாள வழியில் படிக்கும் மாணவனுக்கு ஒரு ஸ்லைடு சிதைந்து வந்தால் நஷ்டம் அற்பமே. அதே பாடத்திற்கு வேறு பத்து காணொளிகளும் குறிப்புகளும் அவனுக்குக் கிடைக்கும். பாலக்காட்டுச் சித்தூரிலோ மறையூரிலோ தமிழ் வழியில் படிக்கும் மாணவனுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொள்ளலாமே என்று சிலர் சமாதானம் சொல்லுகிறார்கள். பாடநூல் வேறு, பாட வரிசை வேறு, தேர்வும் வேறாக இருக்கையில் அந்தச் சமாதானம் எப்படிப் பொருந்தும்? தன் ஆசிரியர் அனுப்பிய அந்த ஒரே கோப்புதான் அவனுக்குப் பாடம். அது கெட்டுப்போனால் அன்றைய பாடமே கெட்டது.

கோப்பு கெடுவதற்கு முதன்மையான காரணம் எழுத்துரு. யூனிகோடு என்னும் பொதுக் குறியீட்டு முறையில் தமிழ் 1991ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றுவிட்டது. தமிழ்நாட்டு அரசும் 2010இல், கோவையில் செம்மொழி மாநாடு கூடிய சமயத்தில், அதனை ஏற்று ஆணை பிறப்பித்தது. அப்படியிருந்தும் பாமினி முதலான பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து பழகிய கைகளும், அவற்றில் அடித்துச் சேர்த்துவைத்த பழைய கோப்புகளும் இன்னும் புழக்கத்தில் உள்ளன. அந்த எழுத்துருக்களின் சூட்சுமம் யாதெனில், உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்து, அதன்மேல் போர்த்தப்பட்டிருப்பது தமிழ் எழுத்தின் சித்திரம் என்பதே. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கோப்பில் பதிவாகிறவை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகள். பாமினி இருக்கும் கணிப்பொறியில் அவை 'அம்மா'வாகக் காட்சியளிக்கும்; அது இல்லாத கைபேசியில், ஒன்றாம் வகுப்புக் குழந்தை தன் முதற் சொல்லைக் காண வேண்டிய இடத்தில், பொருளற்ற அந்த ஐந்து குறிகளே வரிசையாக நிற்கும்.

பி.டி.எஃப். ஆக மாற்றி, எழுத்துருவையும் கோப்பினுள் பதித்து அனுப்பினால் இந்த விகாரம் கண்ணுக்குத் தெரியாது என்பது வாஸ்தவந்தான். ஆனால் நோய் அப்போதும் உள்ளே இருக்கிறது. அந்தக் கோப்பில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது. ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கிலக் குப்பையே வந்து விழும். பார்வையற்ற மாணவனுக்குத் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருளோ எம், கே என்றுதான் உச்சரிக்கும். ஆகையால் பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுவதும், புதியவற்றை யூனிகோடிலேயே எழுதுவதும் தவிர முறையான பரிகாரம் வேறு இல்லை. மாற்றும்போது கொம்பும் காலும் பிரிந்து நிற்கும் 'கொ', 'கோ', 'கௌ' போன்ற எழுத்துகளை ஒரு முறை கண்ணால் பார்த்துச் சரிசெய்வதும் அவசியம். பிழைகள் அங்கேதான் மிகுதியாக ஒளிந்திருக்கும்.

யூனிகோடு எழுத்துருக்களிலும் எல்லோரும் தாராளமாக உபயோகிக்கத்தக்கதும், இணையத்தில் எங்கும் கிடைப்பதுமான ஒன்றைத் தெரிந்தெடுப்பது நலம். ஆசிரியர் தம் கணிப்பொறியில் மட்டும் உள்ள ஓர் அலங்கார எழுத்துருவைப் பயன்படுத்தினால், கூகுள் ஸ்லைட்ஸ் அதற்குப் பதிலாக வேறொன்றை இட்டுவிடும். எழுத்தின் அகலம் மாறும். கடைசி வரி பெட்டிக்கு வெளியே வழிந்து படத்தின்மேல் ஏறும். மீரா இனிமை என்னும் தமிழ் எழுத்துருவைக் குறித்து இங்கே பிரத்தியேகமாகச் சொல்ல விரும்புகிறேன். அதனை உருவாக்கி இலவசமாக வழங்கியவர்கள் சுதந்திர மலையாளக் கணிமை என்னும் கேரளத்துத் தன்னார்வலர் குழுவினர். கேரளத்து எல்லையோரத் தமிழ்ப் பள்ளிகளுக்கு அதைவிடப் பொருத்தமான எழுத்துரு எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது எழுத்தின் அளவு. இன்றைய பவர்பாயிண்ட் ஸ்லைடின் அகலம் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர். நிமிர்த்திப் பிடித்த கைபேசித் திரையின் அகலமோ 7 சென்டிமீட்டர் அளவே. அதாவது பக்கம் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. வகுப்பறைச் சுவரில் கடைசி வரிசை வரை தெளிவாகத் தெரியும் 20 புள்ளி எழுத்து, கையில் 4 புள்ளி எழுத்தாகிவிடுகிறது. நீங்கள் இப்போது வாசிக்கும் இந்தப் பத்திரிகையின் எழுத்தில் பாதிகூட அது இராது. கைபேசியைப் படுக்கவைத்துப் பிடித்தால் எழுத்து இரு மடங்காகும். அப்போதும் அது 9 புள்ளியைத் தாண்டாது. போதாக்குறைக்கு, மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிய ஸ்லைடைத் தமிழாக்கும்போது வரிகள் நீளுகின்றன; நீண்ட வரியைப் பழைய பெட்டிக்குள்ளேயே அடக்க வேண்டி எழுத்தை இன்னும் குறுக்குகிறார்கள். மொழிபெயர்த்தவர் ஒரு ஸ்லைடை இரண்டாகப் பிரித்திருந்தால் காகிதமா செலவாகிவிடும்? கைபேசிக்குச் செல்லும் ஸ்லைடில் 28 புள்ளிக்குக் குறைந்த எழுத்து வேண்டாம் என்பதே என் துணிவு.

சொடுக்கச் சொடுக்க ஒவ்வொன்றாகத் தோன்றும்படி அமைத்த வரிகள் பி.டி.எஃப். ஆனவுடன் ஒரே கணத்தில் வெளிப்பட்டுவிடும். கேள்வியும் விடையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து இரண்டுமே படிக்க முடியாமற் போவதும் உண்டு. படிப்படியாக விளக்க வேண்டிய கணக்கைப் படிக்கொரு ஸ்லைடாக எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இராது. கைபேசியில் எடுத்த புகைப்படங்களைச் சுருக்காமல் ஒட்டினால் ஒவ்வொன்றும் நாலைந்து மெகாபைட் கனக்கும்; சிக்னல் தேடித் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு மேட்டுக்கு ஏறி நிற்கும் பிள்ளைக்கு அந்தக் கனம் முழுவதும் காத்திருப்பாக மாறும்.

இவை அனைத்தையும் ஆசிரியரின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமன்று. தாய்மொழியில் ஆரம்பக் கல்வி பெறுவதற்குப் போதிய வசதி செய்து தர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 350ஏ பிரிவு 1956 முதல் கூறி வருகிறது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினரின் மொழியுரிமையைக் கேரளத்து ஆட்சிமொழிச் சட்டமும் 1969 முதல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அச்சிட்ட பாடநூலைத் தமிழில் தருவதோடு அந்தக் கடமை முடிந்துவிட்டதாகக் கருதும் காலம் கடந்துவிட்டது. கைட் அமைப்பும் மாவட்டக் கல்வி அலுவலகங்களும் தமிழ் வழி ஸ்லைடுகளுக்கென யூனிகோடில் ஒரு மாதிரிக் கோப்பைத் தயாரித்து எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்ப வேண்டும். இணையத்தில் ஏறும் ஒவ்வொரு பாடத்தையும் எல்லையோரப் பள்ளியில் பணிபுரியும் தமிழாசிரியர் ஒருவர் சாதாரணக் கைபேசியில் முதல் ஸ்லைடிலிருந்து கடைசி ஸ்லைடு வரை பார்த்து ஒப்பமிட்ட பின்னரே வெளியிட வேண்டும். பி.டி.எஃப். உடன் திருத்தத்தக்க மூலக் கோப்பையும் சேர்த்தே ஏற்ற வேண்டும். அப்போதுதான் திருவனந்தபுரத்தில் நேர்ந்த பிழையை மறையூரில் உள்ள ஆசிரியர் அன்றைக்கே திருத்திக்கொள்ள முடியும்.