வாய்ட் மெயினை இனியாவது விட்டுத் தொலையுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொண்டு படியுங்கள். கம்ப்யூட்டர் துறையில் இருப்பவர்கள் பாதியில் நிறுத்தக் கூடாது. மற்றவர்களுக்கு ஒரே ஒரு விளக்கம்: நாம் எழுதும் நிரலை இயந்திரம் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றித் தருவதுதான் கம்பைலர். அது தெரிந்தால் போதும்.

என் அண்ணன் பேத்தி பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். போன வாரம் லேப் அப்சர்வேஷன் நோட்டை எடுத்துவந்து காட்டினாள். ‘இன்ட் மெயின்’ என்று எழுதியிருந்ததைச் சிவப்பு மையில் அடித்து ‘வாய்ட் மெயின்’ என்று திருத்தியிருக்கிறார்கள். ‘அயோஸ்ட்ரீம்’ என்ற இடத்தில் ‘டாட் ஹெச்’ சேர்த்திருக்கிறார்கள். 10-க்கு 6. “சின்ன தாத்தா, நான் எழுதினதுதானே சரி?” என்று கேட்டாள்.

அவள் எழுதியதுதான் சரி. சி பிளஸ் பிளஸ் மொழிக்கு 1998-லேயே சர்வதேசத் தரம் வந்துவிட்டது. அதில் மெயின் என்றால் இன்ட் மெயின்தான். அயோஸ்ட்ரீமுக்கு வாலாக டாட் ஹெச் கிடையாது. உலகம் முழுக்கக் கட்டற்ற மென்பொருளைக் கட்டப் பயன்படும் ஜிசிசி, அந்தப் பழைய வாலை முதலில் எச்சரிக்கையோடு அனுமதித்தது. 2008-ல் வந்த 4.3 பதிப்பில் எடுத்தே விட்டது. இவள் அப்போது கைக்குழந்தை.

அந்த லேபில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது டர்போ சி பிளஸ் பிளஸ். 1990-களின் தொடக்கத்தில் டாஸ் காலத்துக்காக போர்லாண்ட் நிறுவனம் விற்றது. இன்றைய 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரலை ஓட்டவே ஓட்டாது. அதனால் டாஸ்பாக்ஸ் என்ற போலி டாஸை முதலில் நிறுவி, அதற்குள் இந்த நீலத் திரையைக் கொண்டுவருகிறார்கள். இறந்தவருக்குச் செயற்கை மூச்சு கொடுத்து எழுப்பி உட்காரவைத்து, “சார் பாடம் எடுப்பார்” என்று சொல்வது போல.

நம் ஊர் சபையில் காளமேகத்துக்கு என்ன நடந்ததாகச் சொல்வார்கள்? பாட்டில் பிழை இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. அதிமதுர கவிராயர் கூட்டத்தைச் சேர்ந்தவனா என்றுதான் பார்த்தார்கள். அந்தச் சிவப்பு மையைப் பார்த்தபோது அதுதான் ஞாபகம் வந்தது.

“இதில் என்ன குடி முழுகிவிட்டது சார், பேசிக்ஸுக்கு அது போதாதா?” என்று உங்களில் ஒருவன் போனில் கேட்டான். பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறான். அவனுக்கான பதில்தான் இனி வருவது.

பேத்திக்கு ஒரு கட்டற்ற மென்பொருளில் பங்களிக்க வேண்டும் என்று ஆசை. சி-யில் எழுதிய ஒரு சின்ன நிரல், ஏறக்குறைய 20 வருடப் பழசு. சோர்ஸ் கோடை இறக்கி என் கணினியில் கட்டிப் பார்த்தாள். என்னிடம் இருப்பது டெபியன் 13, அதோடு வரும் கம்பைலர் ஜிசிசி 14. ‘மேக்’ என்று அடித்ததும் திரை முழுக்க எரர். ஒரு நிமிடம் பார்த்தாள். “எனக்கு இதெல்லாம் வராது தாத்தா” என்று மூடிவிட்டாள்.

குடி முழுகியது அங்கேதான். அவளுக்கு வராமல் இல்லை. அந்த நிரலை எழுதியவர், எந்தச் செயற்கூறைக் கூப்பிடுகிறோம் என்று முன்கூட்டி அறிவிக்காமல் கூப்பிட்டிருந்தார். 1999-ல் வந்த சி மொழித் தரமே இதைக் கூடாது என்றது. ஜிசிசி 25 வருடம் வெறும் எச்சரிக்கையோடு விட்டுவைத்தது; 2024 மே மாதம் வந்த 14-ஆம் பதிப்பில்தான் எரராக மாற்றியது. காரணம் உண்டு. அறிவிக்காத செயற்கூறு ஒரு முழு எண்ணைத்தான் திருப்பித் தரும் என்று பழைய கம்பைலர் தானாக நினைத்துக்கொள்ளும். 32 பிட் இயந்திரத்தில் முழு எண்ணுக்கும் 4 பைட், நினைவக முகவரிக்கும் 4 பைட், பிழைப்பு ஓடியது. 64 பிட்டில் முகவரி 8 பைட். பாதி வெட்டுப்பட்டால் நிரல் ஓடும்போது செத்துவிழும், எங்கே என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டும். கம்பைலர் நம்மை அதிலிருந்து காப்பாற்றத்தான் கத்துகிறது.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். “கடைசி எரரைப் பார்க்காதே, முதல் எரரை மட்டும் படி” என்றேன். படித்தாள். ஒரு ஹெடர் வரி சேர்த்தாள். திரையில் பாதி மறைந்தது. இன்னொரு வரி. அடுத்து, எல்லாத் துண்டும் தனித்தனியாகக் கட்டப்பட்டு, இணைக்கும் இடத்தில் ‘மல்டிபிள் டெஃபனிஷன்’ என்று நின்றது. ஒரே மாறியை ஹெடர் கோப்பில் வைத்துப் பல இடத்தில் உருவாக்கியிருந்தார்கள். 2020-ல் ஜிசிசி 10 வந்ததிலிருந்து அது செல்லாது. ‘எக்ஸ்டெர்ன்’ என்று ஒரு சொல் சேர்த்து, ஒரே ஒரு கோப்பில் உருவாக்கியதும் சரியாயிற்று. இரண்டு சாயங்காலம், மொத்தம் நாலைந்து வரி. நிரல் ஓடியபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒரே கம்பைலரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் கம்பைலர்தான் மொழி. இன்னொன்று மறுத்தால் தனக்கு மொழியே தெரியவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறது. மொழிக்கு ஒரு தரம் உண்டு, கம்பைலர்கள் அதைப் பின்பற்றப் பார்க்கின்றன, பதிப்புக்குப் பதிப்பு கண்டிப்பு கூடுகிறது: பேசிக்ஸ் என்றால் இதுதானே தம்பி?

இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. பழைய மாணவர்களுக்கு நினைவிருக்கும். ஃபாக்டோரியல் நிரல். 7 கொடுத்தால் 5040 வரும். 8 கொடுத்தால் 40320 வர வேண்டும், டர்போவில் மைனஸ் 25216 வரும். ஒருவன் எழுந்து, “பெருக்கிக்கொண்டே போனால் எப்படி சார் மைனஸ் வரும்?” என்று கேட்டான். அருமையான கேள்வி. அங்கே முழு எண்ணுக்கு 2 பைட்தான், 32767-க்கு மேல் கொள்ளாது என்று சொல்லியிருக்க வேண்டும். கணக்கு வாத்தியாரான நான் என்ன சொன்னேன்? “ரெக்கார்டுக்கு 7 வரைக்கும் போடு, போதும்.” அந்தப் பையன் இதைப் படிக்கிறான் என்றால், மன்னித்துக்கொள்.

“பழைய நிரலுக்குப் பழைய கம்பைலரைப் போட்டுக்கொண்டால் போச்சு” என்கிறீர்கள். சில நேரம் சரி. பழைய தரத்திலேயே கட்டு என்று சொல்ல ஜிசிசியிலேயே விருப்பத் தேர்வு இருக்கிறது. நம் ஊரில் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சி. பல வீட்டுப் பெட்டியில் இன்னும் பிரெஞ்சுப் பத்திரம் கிடக்கிறது. அதைத் தூக்கி எறிவதில்லை, படிக்கத் தெரிந்தவரைத் தேடிப் போகிறோம். அதற்காக இன்று வாங்கும் மனைக்கு பிரெஞ்சில் பத்திரம் எழுதச் சொல்லிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போமா?

கம்பைலர்காரர்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2025-ல் வந்த ஜிசிசி 15, நாம் எதுவும் சொல்லாவிட்டால் சி 23 தரத்தை எடுத்துக்கொள்கிறது. ‘பூல்’ என்று தானே ஒன்றை வரையறுத்து ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த நிரல்களும் நின்றுவிடுகின்றன. ஆனால் அவர்கள் ஒவ்வொரு பெரிய பதிப்போடும் எது உடையும், எப்படிச் சரிசெய்வது என்று வழிகாட்டி எழுதி வைக்கிறார்கள். டெபியன், ஃபெடோரா தன்னார்வலர்கள் முன்கூட்டியே எல்லாவற்றையும் கட்டிப் பார்த்துப் பிழை அறிக்கை கொடுக்கிறார்கள். நம் கல்லூரிகள் என்ன செய்தன? தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புப் பாடநூல்கூட 2018-ல் டெவ் சி பிளஸ் பிளஸுக்கு வந்துவிட்டது. காரைக்காலிலும் அதைத்தான் படித்தார்கள். பள்ளியில் சரியாகப் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போய்த் தப்பாக எழுதக் கற்றுக்கொள்ள வேண்டுமாம்!

ஆசிரியர்களை மட்டும் சொல்லவில்லை. சிலபஸ், ரெக்கார்டு, வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் என்று அவர்களுக்கு ஆயிரம் கட்டு. ஆனால் ஜிசிசிக்குக் காசு கிடையாது. லைசென்ஸ் கேட்டு யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். லேபில் போட ஒரு நாள் ஆகும். தடுப்பது பழக்கம் ஒன்றுதான். உங்களில் எத்தனையோ பேர் அலும்னி கூட்டத்துக்குப் போய்ச் சால்வை வாங்கிப் போட்டோ போடுகிறீர்கள். அடுத்த முறை துறைத் தலைவரிடம் இந்த ஒன்றைக் கேளுங்கள்.

பேத்தி தன் திருத்தத்தை அந்த நிரலைப் பராமரிப்பவருக்கு அனுப்பியிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை; தினமும் இரண்டு தடவை மெயிலைத் திறந்து பார்க்கிறாள். அந்த 6 மதிப்பெண் பற்றித் துறையில் பேசப்போகிறாளாம். நான் கூட வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள்.

மாங்கனித் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறவர்கள் ஒரு மாலை வீட்டுக்கு வாருங்கள். தெருவில் இன்னும் நாலு பிள்ளைகள் லேப்டாப்போடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு சி பிளஸ் பிளஸ் 98-க்கு மேல் அவ்வளவாகத் தெரியாது. தெரிந்தவர்கள் வந்து சொல்லிக்கொடுங்கள்.