எடுக்காமல் இருக்க முடியாத அழைப்பு

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்திருப்பவருக்குக் கைப்பேசி ஒலித்தாலே நெஞ்சு பதறும். இரத்தம் தர இசைந்தவரோ, ஆய்வகத்தினரோ என்று விரைந்து எடுத்தால், 'எளிய தவணையில் கடன் வேண்டுமா?' என்று பதிவு செய்யப்பட்ட குரல் ஒன்று கேட்கிறது. பனியன் ஆலையில் இரவுப் பணி முடித்து வந்து, நோயாளியின் கட்டிலருகே சற்றுக் கண்ணயர்ந்தவரையும் அக்குரல் விடுவதில்லை.

'தெரியாத எண்ணை எடுக்காதீர்கள்' என்று அறிவுரை கூறுவது எளிது. நோயாளியின் உறவினரால் அதைப் பின்பற்ற இயலாது. அவருக்கு வேண்டிய அழைப்புகளே பெரும்பாலும் தெரியாத எண்களிலிருந்துதான் வருகின்றன. ஆகவே, தடுக்கும் கடமை அழைப்பைக் கொண்டுவந்து சேர்க்கும் தொலைபேசி நிறுவனத்துக்கே உரியது.

அரசின் விதிகள் இத்திசையில் செல்வது வரவேற்கத்தக்கது. பதிவு பெறாமல் விளம்பர அழைப்பு விடுப்போரின் இணைப்புகளைத் துண்டித்து, 2 ஆண்டுகள் வரை கரும்பட்டியலில் வைக்குமாறு இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஆகஸ்டில் நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. சில வாரங்களிலேயே 2.75 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. 2025 பிப்ரவரியில் வந்த திருத்தம், புகார் அளிப்பதற்கான காலத்தை 3 நாள்களிலிருந்து 7 நாள்களாக நீட்டித்தது. அறுவை சிகிச்சை நாளில் புகார் எழுத எவருக்கு நேரமிருக்கும்? அந்தக் கூடுதல் நாள்கள் நம் போன்றோருக்கே பெரிதும் பயன்படும்.

எனினும் ஒரு குறை எஞ்சுகிறது. விளம்பரங்களுக்கு 140 என்றும், வங்கி முதலிய நிதி நிறுவனங்களின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்றும் தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. மருத்துவமனையின் அழைப்போ வழக்கமான எண்ணிலிருந்தே வருகிறது. மோசடிக்காரரின் அழைப்பும் அவ்வாறே வரக்கூடும். எனவே, மருத்துவமனைகளுக்கும் இத்தகைய தனி வரிசை வேண்டும். அது வரும்வரை, தாம் அழைக்கும் எண்களை அனுமதிச் சீட்டிலேயே அச்சிட்டுத் தருவது மருத்துவமனைகளின் கடமை.

நாம் செய்யக்கூடியதும் உண்டு. தொல்லை அழைப்புகள் குறித்து 1909 என்ற எண்ணில் புகார் அளியுங்கள். பணத்தை இழந்துவிட்டால் சற்றும் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். சிகிச்சைக்கென ஈட்டிய பணத்தை அஞ்சி இழக்க வேண்டாம்: 'டிஜிட்டல் கைது' என்ற ஒன்று நம் சட்டத்தில் இல்லை. ஏமாந்ததை எண்ணி வெட்கப்படவும் வேண்டாம். கவலையில் இருப்பவரின் காதைத் தேடி வந்தவனுடையதே குற்றம்.