எழுதியவன் பெயர் எங்கே?

மர்மக் கதை படிக்கிற தொழிலாளியைக் கண்டால் முகம் சுளிக்கும் தோழர்கள் சிலர் உண்டு. நாள் முழுதும் உடல் நோக உழைத்தவன் ஒரு மணி நேரம் கதை படித்தால் என்ன குற்றம்? தாராளமாகப் படிக்கட்டும். ஆனால் அந்தக் கதை எப்படி உற்பத்தியாகிறது என்பதையும் அவன் தெரிந்துகொள்ள வேண்டாமா?

அமெரிக்காவின் கதை ஒன்றைச் சொல்கிறேன். 1933ம் வருஷத் தொடக்கம். பாங்குகள் கதவடைத்த காலம். உழைப்பாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்த வருஷம் மார்ச் மாத இதழாக 'டாக் சாவேஜ்' என்ற பத்திரிகையை ஸ்ட்ரீட் அண்டு ஸ்மித் கம்பெனி தொடங்கியது. மட்டமான மரக்கூழ்க் காகிதம். விலை 10 சென்ட். இதழுக்கு ஒரு முழு நாவல்.

கதாநாயகன் டாக் சாவேஜ் வெண்கல நிறத்து மாவீரன். அவன் அறியாத விஞ்ஞானம் இல்லை. நியூயார்க்கில் 86வது மாடியில் அவனுக்கு ஆபீஸ். செலவுக்குப் பணம்? மத்திய அமெரிக்காவில் மாயா இந்தியர்களின் பள்ளத்தாக்கிலிருந்து தங்கம் வந்துகொண்டே இருக்கும்! வீரனுக்குக் கூலிக் கவலையே கிடையாது.

அவனைப் படைத்தவரோ கூலிக்கு எழுதியவர். பெயர் லெஸ்டர் டெண்ட். முன்பு தந்தி ஆபீசில் வேலை பார்த்தவர். மொத்தம் 181 நாவல்களில் 150க்கு மேல் அவர் எழுதியவை. ஆரம்பத்தில் நாவலுக்கு 500 டாலர் கிடைத்தது. அன்றைக்கு அது நல்ல கூலிதான்; மறுக்கவில்லை. ஆனால் அட்டையில் இருந்த பெயர் 'கென்னத் ரோப்சன்'. அது கம்பெனியின் சொத்து! அந்தப் பெயரில் யாரையும் உட்கார வைத்து எழுத வாங்கலாம். வேறு சிலரையும் வைத்து வாங்கினார்கள். அதே கம்பெனியின் 'ஷாடோ' நாவல்களில் 282 எழுதிய வால்ட்டர் கிப்சனும் 'மாக்ஸ்வெல் கிராண்ட்' என்ற பெயருக்குப் பின்னால்தான் நின்றார்.

1949ல் டாக் சாவேஜ் பத்திரிகை நின்றது. 1959ல் டெண்ட் காலமானார். அதே வருஷம் கம்பெனியும் கைமாறியது. மில்லை விற்றால் தறியும் சேர்ந்து போவது போல, கதாநாயகனும் புது முதலாளியிடம் போனான். 1964ல் பாண்டம் கம்பெனி பழைய கதைகளுக்குப் புது அட்டை போட்டு மலிவுப் பதிப்பாக இறக்கியது. லட்சக்கணக்கில் விற்றன. 1975ல் சினிமாவும் வந்தது. 1990க்குள் 181 நாவல்களும் மறுபதிப்பாகிவிட்டன. அட்டையில் அப்போதும் ரோப்சன்தான்!

2006ல் தொடங்கிய இன்னொரு மறுபதிப்பு வரிசையில் டெண்டின் வாழ்க்கை பற்றிய கட்டுரைகளும் சேர்ந்தன. நல்ல காரியம். ஆனால் அவர் இறந்து 47 வருஷம் கழித்து!

நாம் நெய்த துணியில் நம் பெயரா இருக்கிறது? மில்லின் முத்திரைதானே இருக்கிறது! புத்தகத்திலும் அதே நியாயம்தான் நடந்திருக்கிறது.

கதையை ரசியுங்கள், தோழர்களே. பழைய வீரன் புதிய அட்டையில் வந்தால் வாங்குங்கள். ஆனால் படித்து முடித்ததும் கேளுங்கள்: இதை எழுதிய கை யாருடையது? அதற்கு என்ன கொடுத்தார்கள்? மறுபதிப்பின் லாபம் யார் பைக்குப் போகிறது?

உழைப்பவனுக்கு இந்தக் கேள்விகளைக் கேட்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.