ரோகுவில் ஒட்டும் மீன் பேன்: நார்வே சால்மனுக்கு வந்த தலைவலி தாமிரபரணி குளங்களுக்கும் வருமா?

குளத்தில் வலை இழுக்கிறார்கள். ரோகு ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டினால், செதிலுக்கு நடுவே உளுந்து அளவில் தட்டையாக ஏதோ ஒன்று ஒட்டியிருக்கிறது. அழுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டினால் நழுவி ஓடுகிறது. அதுதான் மீன் பேன். அறிவியல் பெயர் ஆர்குலஸ். குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும் காட்சி இது.

இந்தப் பேனுக்குக் கடல் கடந்து ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. நார்வேயின் சால்மன் பண்ணைகளைப் பல வருடங்களாக ஆட்டி வைக்கும் 'கடல் பேன்'. இந்தியாவும் நார்வே உள்ளிட்ட 4 ஐரோப்பிய நாடுகளும் செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருப்பதால், சால்மன் பற்றிய பேச்சு இங்கேயும் கூடியிருக்கு. (நம்ம மீன் சந்தையில் 'இந்தியன் சால்மன்' என்று சொல்லி விற்பது காலா மீன். அதுக்கும் இதுக்கும் உறவே கிடையாது.)

கடல் பேன் நல்ல தண்ணீரில் பிழைக்காது. அதனால் அது தாமிரபரணிக்கு வந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஆனா அங்கே நடந்த தப்பு இங்கேயும் நடக்கலாம்.

நார்வேயில் என்ன நடந்தது?

கடல் பேன் புதுசு இல்லை. காட்டு சால்மன் இருந்த காலம் முழுக்க அதுவும் இருந்தது. ஆனா இயற்கையே ஒரு இடைவெளி வைத்திருந்தது. வளர்ந்த சால்மன் முட்டையிட ஆற்றுக்குள் ஏறும். நல்ல தண்ணீர் பட்டதும் பேன் உதிர்ந்துவிடும். குளிர்காலத்தில் கரையோரக் கடலில் சால்மன் அதிகம் இருக்காது. ஒட்ட ஆள் இல்லாமல் பேனும் குறைந்துபோகும். வசந்த காலத்தில் ஆற்றிலிருந்து குட்டி சால்மன் கடலுக்கு இறங்கும்போது பாதை ஏறக்குறைய சுத்தமாக இருக்கும்.

பண்ணைகள் வந்ததும் அந்த இடைவெளி போனது. கடலில் மிதக்கும் வலைக்கூண்டுகளில் லட்சக்கணக்கான சால்மன், வருடம் 365 நாளும். பேனுக்கு இது தினம் கல்யாண விருந்து. அங்கே பெருகும் குஞ்சுப் பேன்கள் நீரோட்டத்தில் வெளியே மிதந்து வருகின்றன. பண்ணையில் நாலைந்து கிலோ எடையுள்ள மீன் சில பேன்களைத் தாங்கிக்கொள்ளும். ஆற்றிலிருந்து வரும் குட்டியின் எடை 20 கிராம் சுமார்தான். பத்துப் பேன் ஏறினாலே அதன் கதை முடியலாம்.

அதனால்தான் நார்வே அரசு பேனை எண்ணச் சொல்கிறது. பண்ணையில் மீன் ஒன்றுக்குச் சராசரியாக 0.5 பெண் பேன், அதாவது 2 மீனுக்கு 1 பேன் வரைதான் அனுமதி. குட்டிகள் கடலுக்கு வரும் வசந்த காலத்தில் 5 மீனுக்கு 1. 2017 முதல் கடற்கரையை 13 மண்டலங்களாகப் பிரித்து பச்சை, மஞ்சள், சிவப்பு என்று போக்குவரத்து விளக்கு மாதிரி ஒரு முறையும் இருக்கு. பேனால் காட்டுக் குட்டிகளில் 30 சதவீதத்துக்கு மேல் சாகும் என்று கணக்கிட்டால் அந்த மண்டலம் சிவப்பு. அங்கே உற்பத்தியைக் குறைக்கச் சொல்ல அரசுக்கு அதிகாரம் உண்டு.

இவ்வளவு செய்தும், 2024 ஜூனில் காட்டு சால்மன் வரத்து மோசமாகக் குறைந்ததால் 33 ஆறுகளில் மீன்பிடிப்பை நடுப்பருவத்தில் நிறுத்தினார்கள். கடல் சூடாவது உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் காட்டு சால்மனுக்கு உள்ள பெரிய ஆபத்துகளில் ஒன்றாக விஞ்ஞானிகள் பேனை வைக்கிறார்கள். மருந்து? அடித்தார்கள். சில வருடங்களில் பேன் பழகிக்கொண்டது. இப்போது வெந்நீரில் முக்குவது, தண்ணீர் பீய்ச்சுவது, பேனைத் தின்னும் சின்ன மீன்களைக் கூண்டில் விடுவது என்று போராடுகிறார்கள்.

நம்ம குளத்துப் பேன் எப்படி?

மீன் பேனும் தலைப்பேன் மாதிரி பூச்சி கிடையாது. இறால், நண்டு வகையறா. இரண்டு உறிஞ்சான்களால் ஒட்டிக்கொண்டு, ஊசி போன்ற உறுப்பால் குத்தி ரத்தம் குடிக்கும். மீன் தீவனம் எடுக்காது, கரையில் உரசும், துள்ளும். குத்திய இடம் புண்ணாகி, பாக்டீரியாவும் பூஞ்சையும் உள்ளே போகும். கெண்டை வகைகளில் அதிகம் மாட்டுவது ரோகுதான்.

பேனால் வரும் நஷ்டம் ஹெக்டேருக்கு, அதாவது இரண்டரை ஏக்கருக்கு, வருடத்துக்குச் சுமார் 29,500 ரூபாய் என்று 2013-ல் வெளியான ஆய்வில் புவனேஸ்வரம் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவன விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள். கடன் வாங்கிக் குஞ்சு விட்டவருக்கு இது லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் நடுவில் இருக்கும் தொகை.

இந்தப் பேனின் பலவீனம் முட்டையில் இருக்கு. முட்டையிடும்போது மீனை விட்டு இறங்கி, கல், குச்சி, மூங்கில் என்று கெட்டியான எதிலாவது வரிசையாக ஒட்டிவிட்டுப் போகும். குளம் காய்ந்தால் அந்த முட்டையும் காய்ந்து சாகும்.

நெல்லை குளங்களில் இது தானாகவே நடந்துகொண்டிருந்தது. பிசான நெல் அறுப்பு முடிந்து, சித்திரை வெயிலில் குளம் வெடித்துக் கிடக்கும். கார் பருவத்துக்குத் தண்ணீர் வரும்போது பேன் கணக்கு ஏறக்குறைய பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நார்வே சால்மனுக்குக் குளிர்காலம் செய்த வேலையை நமக்குக் கோடை செய்தது.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் விட்டு வருடம் முழுக்க மீன் வளர்க்கும் பண்ணைக்குட்டைகளில் அந்தக் கோடை கிடையாது. மீன் வளர்ப்பைப் பெருக்க 2020-ல் தொடங்கிய பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் குட்டை வெட்ட மானியம் கிடைக்குது. நல்லதுதான். ஆனா குட்டையைக் காயவிடும் மாதத்தையும் திட்டத்தில் சேர்த்து யோசிக்கணும்.

மருந்து அடித்தால் போதாதா?

சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் என்று வயலுக்கு அடிக்கும் அதே ரகம்தான் பல இடங்களில் குளத்திலும் ஊற்றப்படுகிறது. பேன் சாகும். ஆனா பேனும் இறால் குடும்பம் என்பதால், கூடவே தண்ணீரில் உள்ள நுண்ணிய தெள்ளுப்பூச்சி வகைகளும் சாகும். கட்லா தின்று வளர்வதே அதைத்தான். முட்டைக்கு மருந்து சரியாக ஏறாது. ரெண்டு வாரத்தில் புதுப் பேன் பொரித்து வரும். மறுபடி மருந்து. நார்வேயின் சுழல் இதுவேதான். அதோட, இங்கே அந்தக் குளத்தில்தான் மாடு தண்ணீர் குடிக்குது, ஆட்கள் குளிக்கிறார்கள்.

ஆற்று மீனுக்கு என்ன சம்பந்தம்?

தாமிரபரணியில் 8 அணைக்கட்டுகள், அதிலிருந்து 11 கால்வாய்கள். கால்வாய் குளத்தை நிரப்பும், குளம் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்கும், கடைசியில் ஆற்றுக்கும் போகும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது குளங்கள் உடைந்தன. கரை உடைந்தால் குளத்து மீனும் அதன் மேலிருக்கும் பேனும் வெள்ளத்தோடு போகும்.

ஆர்குலஸ் ஒரே மீனைத்தான் பிடிப்பேன் என்று அடம்பிடிக்காது. தாமிரபரணியின் பெயரையே அறிவியல் பெயரில் சுமக்கும் சின்னக் கெண்டை இனம் ஒன்று இந்த ஆற்றில் உண்டு. சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்தில் இருக்கு. சாக்கடை, ஆப்பிரிக்கக் கெளுத்தி என்று அதற்குப் பேனைவிடப் பெரிய எதிரிகள் ஏற்கெனவே இருக்காங்க. ஏற்கெனவே நொந்துபோன மீனுக்குப் பேனும் சேர்ந்தால் கஷ்டம்தான்.

சாப்பிடலாமா?

தாராளமாக. மீன் பேன் மனிதர்களுக்குத் தொற்றாது. செதில் உரசிக் கழுவும்போதே போய்விடும். உடம்பெல்லாம் சிவந்த புண் இருக்கும் மீனை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

வளர்ப்பவர்கள் செய்ய வேண்டியது: குஞ்சு வாங்கும்போதே பத்திருபதை வெள்ளைத் தட்டில் விட்டுப் பாருங்கள், ஊர்ந்தால் தெரியும். குளத்தில் நாலைந்து மூங்கில் நட்டு, வாரம் ஒருமுறை பிடுங்கி வெயிலில் நன்றாகக் காயப்போட்டால் ஒட்டிய முட்டை அதோட போகும். மருந்துக் கடைக்குப் போகும் முன் பேன் ஏறிய மீன் ரெண்டை மீன்வளத் துறை அலுவலகத்திலோ, தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியிலோ காட்டிக் கேளுங்கள்.